சொகுசுக் காரின் இயந்திரமும் கற்பிட்டிப் படகின் இயந்திரமும்

ஐந்து ஆண்டு காலம் மூடப்பட்டிருந்த வாகன இறக்குமதிக் கதவு 2025 பெப்ரவரி முதலாம் திகதி மீண்டும் திறக்கப்பட்டது. அந்நியச் செலாவணியைக் காப்பாற்றும் நோக்கில் 2020 மார்ச்சில் விதிக்கப்பட்ட தடை கட்டங்கட்டமாகத் தளர்த்தப்பட்டு, இறுதியில் தனியார் பாவனைக்கான கார்களுக்கும் அனுமதி கிடைத்தது. அந்த ஒரே ஆண்டில் வாகனங்களுக்கென நாட்டை விட்டு வெளியேறிய தொகை நூறு கோடி டொலரைத் தாண்டியது. எந்தக் காருக்கு எவ்வளவு வரி, எத்தனை சிலிண்டர், எத்தனை குதிரைவலு என்பன அன்றாடப் பேச்சாகின. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்த ஒரு நாட்டில், மூன்று ஆண்டுகளுக்குள் இத்தகைய உரையாடல் திரும்பியதை மீட்சியின் அறிகுறி என்பாரும் உளர்; மறதியின் அறிகுறி என்பாரும் உளர்.

இது இவ்வாறிருக்க, புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் மக்களின் கவலைக்குரியதாக இருப்பது வேறோர் இயந்திரமாகும். கற்பிட்டி, கண்டக்குழி, உடப்பு, சிலாபம் என நீளும் இக்கரையில், கண்ணாடியிழைப் படகின் பின்புறத்தில் பூட்டப்படும் வெளியிணைப்பு இயந்திரமே ஒரு குடும்பத்தின் பெரும் சொத்து. பல வேளைகளில் அதுவே பெரும் கடனுமாகும். இவ்விரு இயந்திரங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் ஓர் அரசு எந்த இயந்திரத்துக்காக வாதாடுகிறது, எதனை விதியின் கையில் விட்டுவிடுகிறது என்பதை அறிய இவ்வொப்பீடு உதவும்.

முதலில் சொகுசுக் காரின் கதையைப் பார்ப்போம். இலங்கை சுதந்திரம் பெற்ற அதே 1948 ஆம் ஆண்டில், லண்டன் மோட்டார் கண்காட்சியில் ஜகுவார் நிறுவனம் தனது எக்ஸ்கே 120 என்ற விளையாட்டுக் காரை அறிமுகப்படுத்தியது. அதன் 3.4 லீற்றர், ஆறு சிலிண்டர் இயந்திரம் 160 குதிரைவலுவைத் தந்தது. யுத்த காலத்தில் கொவன்ட்ரி நகரத் தொழிற்சாலையில் குண்டுத் தீயைக் கண்காணிக்கும் இரவுக் காவலில் இருந்த பொறியியலாளர்கள், அந்த இரவுகளில் பேசி வகுத்த திட்டமே அவ்வியந்திரத்தின் தொடக்கம். அது 1992 வரை உற்பத்தியில் இருந்தது. யுத்தத்தால் நொறுங்கி, கடனில் மூழ்கி, உணவுப் பங்கீட்டு அட்டையுடன் வாழ்ந்த பிரித்தானியாவுக்கு அத்தகைய கார்கள் டொலர் உழைக்கும் ஏற்றுமதிப் பொருள்களாகவே முதன்மை பெற்றன. வாங்கியவனுக்கு அது ஆடம்பரம். செய்து விற்ற நாட்டுக்கு அது பிழைப்பு.

அந்தப் பெயர்களின் உரிமை பின்னர் கைமாறியது. பென்ட்லி 1998 இல் ஜேர்மனியின் வொக்ஸ்வாகனிடம் சென்றது. ரோல்ஸ் ரொய்ஸ் கார்களை 2003 முதல் பிஎம்டபிள்யூ தயாரிக்கிறது. ஜகுவாரையும் லேண்ட் ரோவரையும் 2008 இல் இந்தியாவின் டாட்டா நிறுவனம் 230 கோடி டொலருக்கு வாங்கியது. லோட்டஸின் பெரும்பான்மைப் பங்கு 2017 இல் சீனாவின் ஜீலி வசமாயிற்று. இயந்திரங்களும் அவ்வாறே. லோட்டஸ் கார்கள் 2004 முதல் டொயோட்டா இயந்திரத்தைப் பூட்டிக்கொண்டன. அஸ்டன் மார்ட்டின் 2017 இல் மெர்சிடிஸ் நிறுவனத்தின் எட்டுச் சிலிண்டர் இயந்திரத்தைத் தனது டிபி 11 காரில் பொருத்தியது. 600 குதிரைவலுவுக்கும் மேல் தந்த பென்ட்லியின் பன்னிரண்டு சிலிண்டர் இயந்திரம் 2024 இல் விடைபெற்றது.

ஆனால் பிரித்தானியர் விட்டுக்கொடுக்காத ஒன்றுண்டு. உரிமையாளர் யாராக இருப்பினும், கார் செய்யும் கைகளும் அக்கைகளின் அறிவும் நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பதில் அங்குள்ள அரசாங்கங்கள் பிடிவாதம் காட்டி வந்துள்ளன. 2030 முதல் பெற்றோல், டீசலில் மட்டும் ஓடும் புதிய கார்களின் விற்பனை நிறுத்தப்படும் என்று அறிவித்த அதே அரசாங்கம், 2025 ஏப்ரலில் மெக்லாரன், அஸ்டன் மார்ட்டின் போன்ற சிறு எண்ணிக்கை உற்பத்தியாளர்களுக்கு விதிவிலக்கு வழங்கியது. அடுத்த மாதம் அமெரிக்காவுடன் செய்துகொண்ட வர்த்தக உடன்பாட்டில், ஆண்டுக்கு 100,000 பிரித்தானியக் கார்களுக்கான சுங்கத் தீர்வையை 27.5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கச் செய்தது. செல்வந்தர்களின் விளையாட்டுப் பொருளைக் காப்பாற்ற ஒரு தொழிற்கட்சி அரசாங்கம் முன்வந்தது ஏன்? அந்தப் பொருளின் பின்னால் ஆயிரக்கணக்கான தொழிலாளரின் அடுப்பு எரிகிறது என்பதே விடை.

இனி எமது நாட்டைப் பார்ப்போம். பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலும் அதன் பின்னரும் இலங்கை வீதிகளில் ஒஸ்டினும் மொரிஸ் மைனரும் ஓடின. பின்னர் ஜப்பானிய வாகனங்கள் அவ்விடத்தைப் பிடித்தன. காலப்போக்கில் ‘வீ 8’ என்ற சொல் அதிகாரத்தின் மறுபெயராக மக்கள் வாயில் புழங்கலாயிற்று. எட்டுச் சிலிண்டர்களை இரு வரிசையாக அடுக்கிய இயந்திர அமைப்பைக் குறிக்கும் அத்தொழில்நுட்பச் சொல், அமைச்சரின் வாகனத் தொடரணியைக் குறிக்கும் சொல்லாக மாறியது எமது அரசியலைப் பற்றிய ஒரு வாக்குமூலமே எனலாம். 2025 மே மாதத்தில் ஜனாதிபதி செயலகம் ஏலத்துக்கு விட்ட வாகனங்களில் வீ 8 வண்டிகளும் பிரித்தானியத் தயாரிப்பான லேண்ட் ரோவர்களும் இருந்தன. பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு வாகன அனுமதிப்பத்திரம் வழங்கப்படமாட்டாது என அவ்வாண்டின் வரவு செலவுத் திட்ட உரையில் அறிவிக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்க நடவடிக்கைகளே.

சொகுசு வாகனங்களை முற்றாகத் தடுக்க வேண்டும் என்பது எமது வாதமன்று. குறித்த பெறுமதியைத் தாண்டும் கார்களுக்குச் சொகுசு வரியும், இயந்திரக் கொள்ளளவுக்கேற்ப உற்பத்தி வரியும் விதிக்கப்படுகின்றன. சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளுக்கு மத்தியில் அவ்வருமானம் திறைசேரிக்குத் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. கேள்வி என்னவெனில், அந்த வருமானத்தில் ஒரு துளியேனும் உழைக்கும் இயந்திரத்தைச் சென்றடைகிறதா என்பதே.

உழைக்கும் இயந்திரம் என்பதை விளக்கக் கற்பிட்டிக்குத்தான் செல்ல வேண்டும். 1344 இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து பாய்க்கப்பலில் வந்திறங்கிய புத்தளக் கரை, அண்மைக் காலம் வரை காற்றையும் துடுப்பையும் கரைவலையையும் நம்பியே இருந்தது. 1950 களின் இறுதியில் அரசாங்கம் இயந்திரப் படகுத் திட்டத்தை ஆரம்பித்ததன் பின்னரே நிலைமை மாறியது. பின்னர் வந்த கண்ணாடியிழைப் படகும் வெளியிணைப்பு இயந்திரமும் சிறு மீனவரை ஆழ்ந்த நீருக்குக் கொண்டு சென்றன. இன்று நாட்டில் 20,000 க்கும் மேற்பட்ட படகுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. 9.9 முதல் 40 வரையிலான குதிரைவலு கொண்ட ஜப்பானிய இயந்திரங்களே அவற்றில் பெரும்பாலும் பூட்டப்பட்டுள்ளன.

தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து, ஒக்டோபர் அளவில் கடல் தணிந்ததும் கற்பிட்டித் தீபகற்பத்தில் தொழிற்காலம் தொடங்கும். தெற்கே சிலாபம், நீர்கொழும்புப் பகுதிகளிலிருந்து கத்தோலிக்க மீனவர்கள் பத்தலங்குண்டு முதலிய தீவுகளுக்கு வந்து வாடி அமைத்துத் தங்குவர். உடப்பில் இந்துத் தமிழர், கற்பிட்டியிலும் புத்தளக் களப்பைச் சூழவும் முஸ்லிம்கள், அவர்களுடன் சிங்கள மீனவர் என மூவின மக்களும் ஒரே கடலில் ஒரே வகை இயந்திரத்தோடு உழைக்கின்றனர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இம்மாவட்டத்தில் தஞ்சமடைந்த முஸ்லிம்களிடையே, மன்னார்க் கரையில் வள்ளத்தையும் இயந்திரத்தையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்த கடற்றொழிலாளரும் இருந்தனர். அவர்களுக்கு இன்னோர் இயந்திரம் வாங்குவது என்பது வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்குவதாகவே இருந்தது. யுத்த காலத்தில் வடக்கு, கிழக்குக் கடல்களில் படகு இயந்திரத்தின் குதிரைவலு பாதுகாப்புத் தரப்பினரால் கட்டுப்படுத்தப்பட்டதும் நினைவிருக்கலாம். வேறு நாடுகளில் பெருமைக்குரிய எண்ணாக இருந்த குதிரைவலு, இங்கு சந்தேகத்துக்குரிய எண்ணாக இருந்தது.

இவ்வியந்திரம் ஓடும் விதத்திலேயே அதன் உரிமையாளரின் வறுமை எழுதப்பட்டுள்ளது. சொகுசு விளையாட்டுக் காரின் இயந்திரம் எரிபொருளையும் காற்றையும் மிகுந்த அழுத்தத்துக்கு உட்படுத்தி ஒவ்வொரு துளியிலிருந்தும் அதிக வலுவைப் பெறுகிறது. அதற்கு உயர் ஒக்டேன் பெற்றோல் வேண்டும். தாழ்ந்த எரிபொருளை ஊற்றினால் இயந்திரம் உள்ளுக்குள் தட்டத் தொடங்கும். எரிபொருளுக்கும் இந்தத் தட்டலுக்கும் இடையிலான தொடர்பைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர் ஹரி ரிக்கார்டோ என்ற பிரித்தானியப் பொறியியலாளர். அவர் நிறுவிய நிறுவனமே 2011 முதல் மெக்லாரன் விளையாட்டுக் கார்களின் எட்டுச் சிலிண்டர் இயந்திரங்களைத் தயாரித்து வந்தது. மண்ணெண்ணெயின் ஒக்டேன் அளவோ மிகக் குறைவு. ஆகவே அதில் ஓடும் படகு இயந்திரத்தின் அழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்து அமைக்க வேண்டியுள்ளது. அழுத்தம் குறையும்போது ஒரு லீற்றரிலிருந்து கிடைக்கும் வலுவும் குறைகிறது.

அத்தோடு இவை பெரும்பாலும் ‘டூ ஸ்ட்ரோக்’ வகையைச் சேர்ந்தவை. பெற்றோலில் இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எரிபொருளோடு எண்ணெயும் கலக்க வேண்டும். இவ்வகை இயந்திரத்தில் புதிதாக உட்புகும் எரிபொருளே பழைய புகையை வெளியே தள்ளுகிறது. அவ்வாறு தள்ளும்போது நான்கில் ஒரு பங்கு வரையிலான எரிபொருள் எரியாமலேயே புகையுடன் வெளியேறிவிடும். காசு கொடுத்து வாங்கிய எரிபொருளின் ஒரு பகுதி வலுவாக மாறாமல் நீரில் கலக்கிறது. 300 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான பரப்புள்ள புத்தளக் களப்பின் இறாலும் நண்டும் கண்டல் வேர்களும் அந்த நீரில்தான் உள்ளன. ‘ஃபோர் ஸ்ட்ரோக்’ இயந்திரம் இவ்வீண்விரயத்தைப் பெருமளவு தவிர்க்கும். ஆயினும் அதன் விலையும் எடையும் அதிகம். பெரும்பாலும் அது பெற்றோலிலேயே ஓடும். சிக்கனமான இயந்திரத்தை வாங்க வசதியற்றவரே அதிக எரிபொருளைக் குடிக்கும் இயந்திரத்தோடு காலந்தள்ள வேண்டியிருப்பது வறுமையின் பழைய கணக்கு.

இந்நிலையில் மண்ணெண்ணெயின் விலை உயர்ந்தால் என்ன நடக்கும் என்பதை இம்மாவட்டம் இருமுறை கண்டுள்ளது. 2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் விலை ஒரே இரவில் 35 ரூபாவால் கூட்டப்பட்டு 106 ரூபாவாயிற்று. சிலாபத்தில் மீனவர்கள் வீதிக்கு இறங்கினர். பெப்ரவரி 15 ஆம் திகதி பாதுகாப்புப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார். அதன் பின்னரே மானியம் பற்றிய பேச்சு வேகம் பெற்றது. ஓர் உயிர் போன பின் வந்த நிவாரணம் என்பதை இக்கரை மறக்கவில்லை.

இரண்டாவது அதிர்ச்சி 2022 இல் வந்தது. மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமையால் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் 2021 நவம்பரிலிருந்து அடிக்கடி மூடப்பட்டது. உள்நாட்டு மண்ணெண்ணெய் உற்பத்தியும் அத்துடன் நின்றது. வெற்றுக் கலன்களுடன் வரிசையில் நின்ற மாதங்களுக்குப் பின், 2022 ஓகஸ்டில் லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒரு முறை கடலுக்குச் சென்று திரும்ப 20 லீற்றர் செலவாகிறதென வைத்துக்கொண்டால், முன்னர் 1,740 ரூபாவாக இருந்த செலவு ஒரே இரவில் 6,800 ரூபாவாயிற்று. வலையில் மீன் படுமோ படாதோ, இத்தொகை கரையிலேயே கைமாறியாக வேண்டும். அவ்வாண்டு இறுதியில் சீனா நன்கொடையாக வழங்கிய எரிபொருள் டீசலாக இருந்தமையால், மண்ணெண்ணெயில் ஓடும் சிறு படகுகளுக்கு அதனால் பயன் இருக்கவில்லை. பின்னர் விலை படிப்படியாக இறங்கி, 2025 ஜூன் 30 இல் அறிவிக்கப்பட்ட திருத்தத்தில் 185 ரூபாவாக இருந்தது. இறங்கிய விலையும் நெருக்கடிக்கு முந்தைய விலையின் இரு மடங்குக்கு மேற்பட்டதே.

அரசாங்கத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. அடக்க விலைக்குக் குறைவாகப் பல்லாண்டு காலம் மண்ணெண்ணெயை விற்றதால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் நட்டமடைந்தது. ஏழையின் விளக்குக்கென வழங்கிய மலிவு எரிபொருளைத் தொழிற்சாலைகளும் பயன்படுத்தின. எல்லோருக்கும் விலையைக் குறைப்பதைவிடத் தேவையானோருக்கு நேரடியாக உதவுவதே முறையானது என்ற வாதம் பொருளாதார ரீதியில் சரியானதே. ஆனால் விலையேற்றம் நள்ளிரவில் நடைமுறைக்கு வருகிறது. நேரடி உதவியோ மாதக்கணக்கில் கோப்புகளில் உறங்குகிறது. 2022 ஓகஸ்டில் வாக்களிக்கப்பட்ட மீனவர் நிவாரணத்தின் நீட்சியாக, லீற்றருக்கு 25 ரூபா என்ற மானியத் திட்டம் 2024 ஒக்டோபரில்தான் வந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளை மீனவர் எவ்வாறு கடந்தனர்? கடனால் கடந்தனர்.

அந்தக் கடனின் தன்மை விளங்கினால்தான் இப்பிரச்சினையின் ஆழம் விளங்கும். வங்கி கேட்கும் பிணை சிறு மீனவரிடம் இல்லை. எனவே இயந்திரத்துக்கோ அதன் உதிரிப்பாகத்துக்கோ எரிபொருளுக்கோ பணம் தருபவர் மீன் வாங்கும் முதலாளியாகவே இருப்பார். வட்டி என்ற பெயர் அங்கு ஒலிக்காமல் இருக்கலாம். மாறாக, பிடித்து வரும் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். உப்பு நீரில் உழைக்கும் இயந்திரத்தின் ஆயுளும் குறுகியது. பழைய கடன் தீரும் முன்னரே புதிய இயந்திரத்துக்கான தேவை வந்துவிடும். ரூபாவின் பெறுமதி 2022 இல் டொலருக்கு எதிராகச் சரிந்தபோது இறக்குமதி இயந்திரங்களின் விலையும் அதற்கேற்ப ஏறியது. இவ்வாறு எண்ணெய் விலையும் டொலரின் விலையும் ஒரு மீனவரை ஒரே வியாபாரியின் வாசலில் கட்டிப்போடுகின்றன.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? முதலாவது, எரிபொருள் விலைத் திருத்தத்தோடு மீனவர் மானியமும் தன்னியல்பாகத் திருத்தப்பட வேண்டும். படகுகள் யாவும் கடற்றொழில் திணைக்களத்தில் பதிவு செய்யப்படுகின்றன. விலை குறித்த எல்லையைத் தாண்டும் மாதத்திலேயே, பதிவுள்ள சிறு படகின் உரிமையாளர் கணக்கில் தொகை சேர்வதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவுமில்லை. மீன்பிடி மானியங்கள் தொடர்பான உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கை 2025 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்துள்ளது. சட்டவிரோத மீன்பிடிக்கும், அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீன்வளங்களைக் குறிவைக்கும் தொழிலுக்கும் மானியம் வழங்குவதை அது தடுக்கிறது. எனவே எல்லாப் படகுகளுக்கும் பொதுவாக வழங்குவதைவிட, சிறு மீனவரை இனங்கண்டு வழங்கும் ஏற்பாடே எதிர்காலத்திலும் நிலைக்கக்கூடியது.

இரண்டாவது, இயந்திரக் கடன். சொகுசுக் கார்களின் மீது அறவிடப்படும் வரியில் சிறு பங்கொன்றைச் சுழற்சி நிதியமாக ஒதுக்கி, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் ஊடாக எரிபொருள் சிக்கனமான இயந்திரங்களுக்குக் கடன் வழங்கலாம். பழைய இயந்திரத்தை ஒப்படைப்போருக்கு விலைக்கழிவு தரலாம். முஸ்லிம் மீனவர் பெருமளவில் வாழும் இம்மாவட்டத்தில், பொருளை வாங்கித் தவணை முறையில் விற்கும் வட்டியற்ற ஏற்பாடும் அத்திட்டத்தில் இடம்பெறுவது அவசியம். இல்லையேல் உதவி தேவைப்படுவோரில் ஒரு சாரார் வாசலிலேயே நின்றுவிடுவர்.

மூன்றாவது, அறிவு. கண்ணாடியிழைப் படகை நாமே செய்கிறோம், ஏற்றுமதியும் செய்கிறோம். இயந்திரம் முழுவதையும் வெளியிலிருந்து வாங்குகிறோம். நாளையே இயந்திரம் செய்யும் நாடாகிவிட முடியாது என்பது உண்மை. ஆனால் பழுதுபார்த்தல், உதிரிப்பாகம் வார்த்தல், களப்பில் குறுந்தூரம் செல்லும் தோணிகளுக்கு மின் மோட்டார் பொருத்துதல் ஆகியன எமது இளைஞரின் கைக்கு எட்டாதவையல்ல. சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் நிலையமொன்று கற்பிட்டியிலேயே உள்ளது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஓங்கில்களைக் காட்டச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்வதும் இதே இயந்திரப் படகுகளே. நுரைச்சோலையில் 900 மெகாவோட் மின்னிலையத்தைத் தாங்கி நிற்கும் கரை, தன் தோணிகளுக்கு மின்னேற்ற ஓர் இறங்குதுறையேனும் பெறக்கூடாதா?

கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் எனக் காத்திருந்த கொக்கின் கதையாக, நாடு செழித்த பின் கரையோரத்துக்கும் ஏதேனும் வந்து சேரும் எனக் காத்திருக்கும்படி இம்மக்களிடம் கூறுவது நியாயமாகாது. நெருக்கடியின் உச்சத்தில் இந்நாட்டின் சோற்றுத் தட்டில் மீன் துண்டை வைத்தவர்கள் அவர்களே. பிரித்தானிய அரசு தன் நாட்டின் சொகுசுக் கார் இயந்திரத்துக்காக வாஷிங்டன் வரை சென்று வாதாடுகிறது. எமது மீனவர் கேட்பது அத்தனை பெரிதன்று. அடுத்த விலையேற்றம் அறிவிக்கப்படும் இரவில், அவர்களின் படகுக்கான ஏற்பாடும் அதே அறிவித்தலில் இடம்பெற வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. 2012 பெப்ரவரியில் சிலாபத்தில் சிந்திய இரத்தத்துக்குப் பின்னும் அதனை ஒரு கோரிக்கையாகவே வைத்திருப்பது ஆட்சியாளருக்குப் பெருமை சேர்க்காது.